43 வயசுல நம்பர் 1 ஆன போபண்ணா: டபுள்ஸ் டென்னிஸில் காசு எப்படி வருது, எங்கே போகுது?



2024 ஜனவரி 27, சனிக்கிழமை. மெல்போர்ன் ராட் லேவர் அரீனாவில் ஆஸ்திரேலியன் ஓபன் ஆண்கள் இரட்டையர் ஃபைனல். நம்ம ரோஹன் போபண்ணாவும் ஆஸ்திரேலியாவின் மேத்யூ எப்டனும் இத்தாலி ஜோடியான பொலெல்லி – வவசோரியை 7-6, 7-5 என்று ஜெயிச்சாங்க. போபண்ணாவுக்கு அப்போ வயசு 43. ஆண்கள் இரட்டையரில் அது அவரோட முதல் கிராண்ட்ஸ்லாம் பட்டம். அடுத்த திங்கட்கிழமை வந்த ரேங்கிங்கில் உலக நம்பர் 1. அந்த வயசுல முதல் முறையா நம்பர் 1 ஆனவர் அதுக்கு முன்னாடி யாரும் இல்லை.

வாட்ஸ்அப் முழுக்க "வயசு வெறும் நம்பர்தான்" என்று ஸ்டேட்டஸ் ஓடிச்சு. நல்ல விஷயம்தான். ஆனா ஒரு ஆடிட்டரா என் கண்ணு முதல்ல போனது அந்த செக் மேல. ஜோடிக்கு பரிசு 7,30,000 ஆஸ்திரேலிய டாலர். ரெண்டாப் பிரிச்சா ஒருத்தருக்கு 3,65,000.

இப்போ இன்னொரு நம்பர் பாருங்க. அதே வருஷம் அதே போட்டியில், ஒற்றையர் பிரிவில் நாலாவது ரவுண்டில் தோத்து வீட்டுக்குப் போனவருக்குக் கிடைச்சது 3,75,000 டாலர்.

ஆமாம், சரியாத்தான் படிச்சீங்க. டபுள்ஸ்ல கோப்பையைத் தூக்கினவர் பங்கை விட, சிங்கிள்ஸ்ல நாலாவது ரவுண்டில் வெளியே போனவர் வாங்கினது 10,000 டாலர் அதிகம்.

அப்படின்னா 20 வருஷத்துக்கு மேல இதே வேலையை ஒருத்தர் ஏன் செஞ்சார், எப்படித் தாக்குப்பிடிச்சார்? இந்தக் கேள்விக்கு பதில் தேடினா, மாசச் சம்பளம் வாங்கற நமக்கு நேரடியா உதவற மூணு நாலு விஷயம் கிடைக்குது. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல்ல, டபுள்ஸ் ஸ்பெஷலிஸ்ட்னா யாரு?

டென்னிஸ் ஆட வர்ற எல்லாருமே சிங்கிள்ஸ் கனவோடதான் வர்றாங்க. பணமும் புகழும் அங்கதான். போபண்ணாவும் அப்படித்தான். குடகுல காபித் தோட்டக் குடும்பத்தில் வளர்ந்தவர், 2003-ல் முழுநேர ஆட்டக்காரர் ஆனார். சிங்கிள்ஸ்ல அவர் தொட்ட உச்ச ரேங்க் 213. அது 2007-ல்.

213-ங்கறது உலக அளவில் சாதாரண விஷயம் இல்லை. ஆனா வருமானக் கணக்கில் அது ரொம்பக் கஷ்டமான இடம். கிராண்ட்ஸ்லாம் மெயின் டிராவில் 128 பேர்தான் ஆடுவாங்க. ரேங்கிங் மூலமா நேரடியா உள்ளே போறவங்க 100 பேர் சொச்சம். 213-ல் இருந்தா தகுதிச்சுற்று ஆடித்தான் உள்ளே வரணும். மத்த வாரங்களில் சின்னச் சின்ன சேலஞ்சர் போட்டிகள்தான்.

அவர்கிட்ட இருந்த பலம் பெரிய சர்வீஸ், நெட் பக்கத்தில் ஆட்டம். இந்த ரெண்டுக்கும் டபுள்ஸ்ல மதிப்பு அதிகம். ஓட வேண்டிய இடமும் பாதி, பாயிண்டும் சீக்கிரம் முடியும். அதனால உடம்பு தேய்மானமும் கம்மி. டபுள்ஸ்ல நாற்பதை நெருங்கியும் ஆடறவங்க இருக்கறதுக்குக் காரணம் இதுதான்.

நம்ம பாஷையில சொன்னா, "மேனேஜர் ஆகணும்னு எல்லாரும் ஓடற லைன்ல நான் 213-வது ஆள். ஆனா இந்த ஒரு ஸ்பெஷல் வேலையில என்னால முதல் அஞ்சுக்குள்ள வர முடியும்" என்று முடிவு எடுத்த மாதிரி. 2013-ல் அவர் டபுள்ஸ் ரேங்க் 3.

சம்பளம் எப்படி வருது?

மாசம் ஒண்ணாம் தேதி கிரெடிட் ஆகற மெசேஜ் இவங்களுக்குக் கிடையாது. வாரா வாரம் போட்டி. எத்தனை ரவுண்டு போறீங்களோ அவ்வளவு காசு. 2024 ஆஸ்திரேலியன் ஓபன் கணக்கையே எடுத்துக்கலாம். எல்லாம் ஆஸ்திரேலிய டாலர்:

- சிங்கிள்ஸ் சாம்பியன்: 31,50,000
- டபுள்ஸ் சாம்பியன், ஜோடிக்கு: 7,30,000. ஒருத்தர் பங்கு 3,65,000
- சிங்கிள்ஸ் முதல் ரவுண்டில் தோத்தவர்: 1,20,000
- டபுள்ஸ் முதல் ரவுண்டில் தோத்த ஜோடிக்கு: 36,500. ஒருத்தர் பங்கு 18,250

அன்றைய மதிப்பில் போபண்ணா பங்கு ஏறக்குறைய 2 கோடி ரூபாய். அந்த வருஷம் சிங்கிள்ஸ் ஜெயிச்ச யானிக் சின்னருக்கு 17 கோடிக்கு மேல்.

முதல் ரவுண்டு வித்தியாசத்தையும் கவனிங்க. சிங்கிள்ஸ்ல ஒரே மேட்ச் ஆடித் தோத்தாலும் சுமார் 65 லட்சம். டபுள்ஸ்ல சுமார் 10 லட்சம். இது கிராண்ட்ஸ்லாம் கணக்கு. வருஷத்துக்கு நாலே நாலு கிராண்ட்ஸ்லாம்தான். மத்த வாரங்களில் தொகை இன்னும் கீழே போயிடும்.

இன்னொரு விஷயம். 2024-ல் ஏடிபி அமைப்பு 'பேஸ்லைன்' என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. சிங்கிள்ஸ் ரேங்கிங்கில் முதல் 100 பேருக்கு வருஷத்துக்குக் குறைந்தபட்சம் 3,00,000 அமெரிக்க டாலர் வருமானம் உறுதி. அதுக்குக் கம்மியா சம்பாதிச்சா மீதியை ஏடிபி கொடுக்கும். அதுக்குக் கீழ 250-வது ரேங்க் வரைக்கும் இருக்கறவங்களுக்கும் குறைஞ்ச அளவில் ஒரு உறுதித்தொகை. திட்டம் சிங்கிள்ஸ் ரேங்கிங்கை வச்சுத்தான். டபுள்ஸ் மட்டும் ஆடறவங்களுக்கு அந்த வலை கிடையாது.

பிஎஃப் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, சிக் லீவும் இல்லை. முழங்கால் வீங்கினா அந்த வாரம் வருமானம் ஜீரோ.

செலவுப் பக்கம்: ஒரு மாதிரிக் கணக்கு

இது போபண்ணாவோட கணக்கு இல்லை. நடுத்தர ரேங்கில் இருக்கற ஒரு இந்திய டபுள்ஸ் ஆட்டக்காரர் என்று கற்பனையா வச்சு நான் போட்டது. புரியறதுக்காக ரவுண்டு நம்பர் போட்டிருக்கேன்.

வருஷத்துக்கு அவர் பங்கு பரிசுப்பணம்: 60 லட்சம்.

- விமானம், தங்கல், சாப்பாடு: 28 வாரம், வாரத்துக்கு 80,000. மொத்தம் 22.4 லட்சம்
- கோச், பிசியோ செலவில் இவர் பங்கு: 10 லட்சம்
- ராக்கெட் நரம்பு கட்டறது, ஜிம், மருத்துவம், இன்சூரன்ஸ்: 3.6 லட்சம்

மொத்தச் செலவு 36 லட்சம். லாபம் 24 லட்சம். மாசத்துக்கு 2 லட்சம். "பரவாயில்லையே சார், நல்லாத்தானே இருக்கு" என்று தோணும். கொஞ்சம் பொறுங்க, வரி இன்னும் வரலை.

ஒரு விளையாட்டு வீரர் எந்த நாட்டில் ஆடி சம்பாதிக்கிறாரோ, அந்த நாடு முதல்ல வரி பிடிச்சுக்கலாம். நாடுகளுக்கு நடுவில் இருக்கற இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்களில் விளையாட்டு வீரர்களுக்கு என்றே இப்படி ஒரு பிரிவு இருக்கும். இங்கிலாந்தில் வெளிநாட்டு வீரருக்குப் பணம் கொடுக்கும்போதே 20% பிடிப்பாங்க. அமெரிக்காவில் 30%. அதுவும் செலவு போக மீதியில் இல்லை, மொத்தத் தொகையில்.

நம்ம ஆள் பல நாட்டில் ஆடறார், சராசரியா 20% பிடிச்சாங்க என்று வச்சுக்குவோம். 60 லட்சத்தில் 12 லட்சம் அங்கேயே போச்சு.

இந்தியாவில் அவர் ரெசிடென்ட். அதனால உலகம் முழுக்கச் சம்பாதிச்சதை இங்கே காட்டணும். ஆனா இங்கே வரி லாபத்துக்குத்தான். 24 லட்சத்துக்குப் புதிய வரி முறையில், 2025-26 நிதியாண்டு ஸ்லாப் படி வரி 3 லட்சம். செஸ் சேர்த்து 3.12 லட்சம். வெளிநாட்டில் கட்டின வரியைக் காட்டி இந்த 3.12 லட்சத்தைக் கழிச்சுக்கலாம். இங்கே ஒரு பைசா கட்ட வேண்டாம்.

சரி, மீதி 8.88 லட்சம்? அதை இந்திய அரசு திருப்பித் தராது. இங்கே எவ்வளவு வரி வருமோ அந்த அளவுக்குத்தான் கழிவு. மீதியை வாங்கணும்னா, வரி பிடிச்ச நாட்டிலேயே செலவுக் கணக்கைக் காட்டி ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் கேட்கணும். பல நாடுகளில் அந்த வழி இருக்கு. ஆனா ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ஆடிட்டர், ஒரு ஃபீஸ், ஒரு டெட்லைன். பில்லை எல்லாம் பத்திரமா வச்சிருக்கணும்.

அதைச் செய்யாம விட்டா கையில் நிக்கறது 24 – 12 = 12 லட்சம். அதாவது மாசம் 1 லட்சம். பேப்பரில் "60 லட்சம் பரிசு" என்று வந்த ஆளோட கையில் தங்கறது, நம்ம ஓஎம்ஆர்ல நாலஞ்சு வருஷம் அனுபவம் உள்ள ஒரு ஐடி ஊழியர் சம்பளம்.

இன்னும் ஒரு படி போவோம். அடுத்த வருஷம் ஃபார்ம் சரியில்லை. பரிசுப்பணம் 40 லட்சமாக் குறைஞ்சது. ஆனா விமானக் கம்பெனி உங்க ஃபார்ம் பார்த்து டிக்கெட் விலையைக் குறைக்காது. தோத்தாலும் போய்த்தான் ஆகணும். செலவு அதே 36 லட்சம். வெளிநாட்டு வரி 8 லட்சம். 40 – 36 – 8 = மைனஸ் 4 லட்சம்.

வருமானம் மூணுல ஒரு பங்குதான் குறைஞ்சது. கையில் நிக்கறது பிளஸ் 12 லட்சத்திலிருந்து மைனஸ் 4 லட்சத்துக்குப் போயிடுச்சு. நிலையான செலவு அதிகமா இருந்தா இப்படித்தான் ஆகும். உங்க வீட்டு பட்ஜெட்டுக்கும் இதே விதிதான்.

52 வாரத்தில் அழியற மதிப்பெண்

ரேங்கிங் முறையும் இதே மாதிரி ஈவு இரக்கம் இல்லாதது. ஒரு போட்டியில் வாங்கின பாயிண்ட் 52 வாரம்தான் கணக்கில் இருக்கும். கிராண்ட்ஸ்லாம் ஜெயிச்சா 2000 பாயிண்ட். அடுத்த வருஷம் அதே போட்டி வரும்போது பழைய 2000 அழிஞ்சுடும். திரும்ப ஜெயிச்சாத்தான் அதே இடத்தில் நிக்க முடியும்.

ஏடிபி டூர் போட்டிகளில் டபுள்ஸ் ஆட்டமே சின்னது. 40-40 வந்தா அடுத்த ஒரே பாயிண்டில் கேம் முடியும். செட் 1-1 ஆனா மூணாவது செட் கிடையாது, 10 பாயிண்ட் டைபிரேக் மட்டும்தான். அதனால நல்ல ஜோடியும் சுமார் ஜோடியும் மோதினா ரெண்டு மூணு பாயிண்டில் முடிவு மாறலாம். திறமை அப்படியே இருக்கும்போதே வருமானம் ஏறி இறங்கும். இதை மனசுல வச்சுக்குங்க, கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

அப்புறம் பார்ட்னர். டபுள்ஸ்ல ரெண்டு பேர் ரேங்கையும் கூட்டித்தான் போட்டியில் இடம் கிடைக்குமா என்று பார்ப்பாங்க. உங்க ரேங்க் நல்லா இருந்து பார்ட்னர் ரேங்க் மோசமா இருந்தா பெரிய போட்டிக் கதவு மூடிக்கும். போபண்ணா கூட ஆடினவங்க பட்டியல் ரொம்ப நீளம். 2010-ல் பாகிஸ்தானின் ஐசாம்-உல்-ஹக் குரேஷியோட யுஎஸ் ஓபன் ஃபைனல் போய் பிரையன் சகோதரர்களிடம் தோத்தார். 2012-ல் மகேஷ் பூபதியோட பாரீஸ் மாஸ்டர்ஸ் ஜெயிச்சார். 2017-ல் நம்ம நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் சென்னைப் பையன் ஜீவன் நெடுஞ்செழியனோட சென்னை ஓபன் பட்டம். 2022-ல் இன்னொரு சென்னைக்காரர் ராம்குமார் ராமநாதனோட அடிலெய்டு, புனே ரெண்டு பட்டம். 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் கோயம்புத்தூர் ஸ்ரீராம் பாலாஜியோட ஆடினார். முதல் ரவுண்டிலேயே தோத்தாங்க.

யாரோட சேர்றோம், எப்போ பிரியறோம் என்பது இந்த வேலையில் உணர்ச்சி விஷயம் மட்டும் இல்லை, வருமான விஷயம்.

2021: நிறுத்திடலாமா?

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றோம்.

போபண்ணாவோட முழங்காலில் குருத்தெலும்பு தேய்ஞ்சு போயிருந்தது. வலி மாத்திரை போட்டுத்தான் ஆடிட்டு இருந்தார். 2021-ல் அஞ்சு மாசம் ஒரு மேட்ச்கூட ஜெயிக்கலை என்று அவரே சொல்லியிருக்கார். 41 வயசு. அந்த நேரத்தில் மனைவிக்கு ஒரு வீடியோ மெசேஜ் அனுப்பினாராம், இதோட நிறுத்திக்கறேன் என்று. மெல்போர்ன்ல ஜெயிச்ச அன்னிக்கு, கோர்ட்டில் மைக் பிடிச்சு இதைச் சொன்னார்.

அஞ்சு மாசம். யோசிச்சுப் பாருங்க. ஒவ்வொரு வாரமும் ஃபிளைட் பிடிக்கணும், ஹோட்டலில் தங்கணும், முதல் ரவுண்டில் தோக்கணும், அடுத்த ஊருக்குக் கிளம்பணும். வரவு குறைவு, செலவு அப்படியே.

அன்னிக்கு அவர் நிறுத்தியிருந்தா யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டாங்க. 2017 ஃபிரெஞ்ச் ஓபன் கலப்பு இரட்டையர் பட்டம் கையில் இருந்தது. கௌரவமான கேரியர்தான். ஆனா நிறுத்தலை. அதுக்குப் பிறகு நடந்தது இது:

- 2022: ஃபிரெஞ்ச் ஓபன் அரையிறுதி
- 2023 மார்ச்: எப்டனோட இண்டியன் வெல்ஸ் பட்டம், 43 வயசில்
- 2023 செப்டம்பர்: யுஎஸ் ஓபன் ஃபைனல். முதல் ஃபைனலுக்கு 13 வருஷம் கழிச்சு
- 2024 ஜனவரி: ஆஸ்திரேலியன் ஓபன், உலக நம்பர் 1
- 2024 மார்ச்: மயாமி ஓபன், 44 வயசில்

இந்தப் பட்டியல்ல ஒண்ணு கவனிச்சீங்களா? சம்பாத்தியத்திலும் பேரிலும் அவரோட பெரிய காலம், நிறுத்திடலாம்னு நினைச்ச நாளுக்குப் பிறகுதான் வந்தது.

"அப்போ விடாமுயற்சிதான் பாடம், சரியா சார்?" என்று கேட்பீங்க. பாதி சரி. வெறும் விடாமுயற்சியை மட்டும் சொல்லிட்டு நான் போயிட்டா, அது மோட்டிவேஷன் சேனல். நம்ம வேலை கணக்கு.

தாக்குப்பிடிக்க மூணு வேணும்

சரிவு வரும்போது தொடரணுமா நிறுத்தணுமா என்று முடிவெடுக்க மூணு கேள்வி இருக்கு.

ஒண்ணு, திறமை போயிடுச்சா, இல்லை ரிசல்ட் மட்டும் போயிடுச்சா? மேலே சொன்னேனே, ரெண்டு மூணு பாயிண்டில் மாறற ஆட்டம் என்று. அவரோட சர்வீஸ் அப்பவும் அதே சர்வீஸ்தான். ரிசல்ட்தான் வரலை.

ரெண்டு, பிரச்சினை சரி பண்ணக்கூடியதா? அவருக்குப் பெரிய தலைவலி முழங்கால். 2020 கொரோனா காலத்தில் ஐயங்கார் யோகா ஆரம்பிச்சார். தொடைத் தசையும் இடுப்பும் பலமாகி, மாத்திரை இல்லாம ஆட முடிஞ்சது என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கார். நீண்ட காலமா கோச் ஸ்காட் டேவிடாஃப் கூடவே இருந்தார், பிசியோவும் இருந்தாங்க. வருமானம் விழுந்தப்போ உடம்புக்குப் போடற செலவில் கை வைக்கலை. இது முக்கியம். செலவைக் குறைக்கணும்னா எல்லாத்தையும் வெட்டறது இல்லை. சம்பாதிக்கிற சக்தியைக் காப்பாத்தற செலவைக் கடைசியாத்தான் தொடணும்.

மூணு, அதுவரைக்கும் ஓட கையில் காசு இருக்கா? இந்த மூணாவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தா, முதல் ரெண்டுக்கும் "ஆமாம்" வந்தும் பிரயோஜனம் இல்லை. திறமை இருந்தும், வழி தெரிஞ்சும், வாடகை கட்ட வழியில்லாம வெளியே போனவங்க எந்தத் துறையிலும் உண்டு. டென்னிஸ்ல அவங்க பேர் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இதையும் நேர்மையாச் சொல்லிடறேன். நாம ஜெயிச்ச போபண்ணாவைப் பார்க்கிறோம். 41 வயசு வரைக்கும் ஆடிட்டு எதுவும் கிடைக்காம வீட்டுக்குப் போனவங்களைப் பத்தி யாரும் கட்டுரை எழுதறது இல்லை. அதனால "அவர் 43-ல் ஜெயிச்சார், நானும் ஜெயிப்பேன்" என்பது கணக்கு ஆகாது. "ஜெயிக்க வாய்ப்பு இருக்கற வரைக்கும் ஆட்டத்தில் இருக்க என்னால முடியுமா?" இதுதான் நாம போட வேண்டிய கணக்கு.

இப்போ உங்க கணக்கு

ஒரு பேப்பர் எடுங்க. சம்பளம் நின்னாலும் நிக்காத செலவுகளை மட்டும் எழுதுங்க. உதாரணத்துக்கு, கையில் 62,000 சம்பளம் வாங்கற ஒருத்தர்:

- வீட்டு வாடகை: 15,000
- மளிகை, காய்கறி, கேஸ்: 9,000
- ஊருக்கு அப்பா அம்மாவுக்கு: 8,000
- பைக் இஎம்ஐ: 5,000
- கரண்ட், போன், பயணம்: 5,000

மொத்தம் 42,000. சேவிங்ஸ் அக்கவுண்ட், எஃப்டி ரெண்டிலும் சேர்த்து 2,10,000 இருக்கு. வகுத்துப் பாருங்க, 5 மாசம். போபண்ணா ஜெயிக்காம இருந்த அதே அஞ்சு மாசம்.

இப்போ இவர் ஒரு புது போன் இஎம்ஐல வாங்கறார், மாசம் 7,000. நிக்காத செலவு 49,000 ஆச்சு. அதே 2,10,000-ஐ வகுத்தா 4 மாசம் சொச்சம். ஒரே ஒரு கையெழுத்தில் மூணு வாரம் போச்சு. சம்பளம் வர்ற வரைக்கும் இது தெரியவே தெரியாது.

எத்தனை மாசம் வேணும்? சம்பளம் நிலையா வர்ற வேலை, வீட்டில் ரெண்டு பேர் சம்பாதிக்கிறாங்கன்னா 6 மாசம் போதும். நீங்க ஒருத்தர்தான் சம்பாதிக்கிறீங்க, இல்லை சம்பளத்தில் பாதி இன்சென்டிவ், வேரியபிள் பே என்றால் 9 முதல் 12 மாசம் வைங்க. வருமானம் எவ்வளவு ஆடுதோ அவ்வளவு பெருசா அந்தத் தொட்டி இருக்கணும்.

இன்னும் நாலு விஷயம், சுருக்கமா:

சிடிசி பார்க்காதீங்க, கையில் நிக்கறதைப் பாருங்க. 60 லட்சம் 12 லட்சம் ஆன கதையை மேலே பார்த்தோம். வேற ஊருக்கு மாறி 20% ஹைக் வாங்கறதுக்கு முன்னாடி, அந்த ஊர் வாடகை, போக்குவரத்து, வரி எல்லாம் போக எவ்வளவு மிஞ்சும் என்று எழுதிப் பாருங்க.

வெளிநாட்டில் பிடிச்ச வரியை விட்டுடாதீங்க. உங்க கம்பெனி அமெரிக்கத் தாய்க் கம்பெனி பங்கு கொடுத்திருந்தா, அந்த டிவிடெண்டில் 25% அங்கே பிடிச்சுத்தான் வரும். இங்கே அதை வருமானமாக் காட்டி, அங்கே பிடிச்ச வரிக்குக் கழிவு கேட்கலாம். அதுக்கான தனிப் படிவத்தை மறக்காம போடணும். அந்தப் பங்கை ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியிலும் காட்டணும். அதை விட்டா அபராதம் பெரிசு.

உங்க 52 வாரம் என்ன? மூணு வருஷம் முன்னாடி முடிச்ச சர்ட்டிஃபிகேட் இன்னிக்கு உங்க ரேங்கில் எத்தனை பாயிண்ட்? வருஷத்துக்கு ஒரு முறை ரெஸ்யூமேயை எடுத்து, கடைசி 12 மாசத்தில் புதுசா என்ன சேர்ந்தது என்று பாருங்க. ஒண்ணும் இல்லைன்னா உங்க பழைய பாயிண்ட் அழிஞ்சுட்டு இருக்குன்னு அர்த்தம்.

உடம்புதான் முதல். கம்பெனி கொடுக்கற மெடிக்கல் இன்சூரன்ஸ் வேலையோட போயிடும். 25, 28 வயசில், எந்த நோயும் இல்லாதப்போ சொந்தமா ஒரு பாலிசி எடுத்துடுங்க. சர்க்கரை, பிரஷர் வந்த பிறகு எடுக்கப் போனா பிரீமியமும் ஏறும், காத்திருப்புக் காலமும் வரும்.

எப்போ நிறுத்தறது?

இதுக்கும் ஒரு விதி இருக்கணும். அரசுத் தேர்வுக்குப் படிக்கறதோ, ஸ்டார்ட்அப்போ, ஃப்ரீலான்ஸோ, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எழுதி வைங்க: "சேமிப்பு இவ்வளவுக்குக் கீழே போனா, இல்லை இத்தனை மாசத்தில் இது நடக்கலைன்னா நிறுத்திடுவேன்." மனசு நல்லா இருக்கும்போது எழுதணும். தோத்த ராத்திரி ஹோட்டல் ரூமில் உட்கார்ந்து எடுக்கற முடிவு சரியா இருக்காது. அவசர அவசரமா விட்டுடவும் தோணும், வீம்புக்கு எல்லாக் காசையும் போடவும் தோணும்.

போபண்ணாவும் ஒவ்வொண்ணா நிறுத்தினார். 2023 செப்டம்பரில் லக்னோவில் மொராக்கோவுக்கு எதிரா ஆடி டேவிஸ் கோப்பையிலிருந்து விலகினார். பாரீஸ் ஒலிம்பிக்கோட இந்திய அணிக்கு ஆடறதை முடிச்சார். 2025 நவம்பர் 1-ஆம் தேதி, 45 வயசில், முழுசா ஓய்வு பெறுவதா அறிவிச்சார்.

2021-ல் நிறுத்தியிருந்தா அது காலும் ரிசல்ட்டும் சேர்ந்து எடுத்த முடிவா இருந்திருக்கும். 2025-ல் எடுத்தது அவர் எடுத்த முடிவு. நடுவில் இருக்கற அந்த நாலு வருஷத்தை வாங்கித் தர்றதுதான் சேமிப்போட வேலை. வட்டி 7%-ஆ 7.5%-ஆ என்பதெல்லாம் அப்புறம்.

இன்னிக்கு ராத்திரி அந்தப் பேப்பர் கணக்கைப் போட்டுடுங்க. சேமிப்பை நிக்காத செலவால் வகுத்தா எத்தனை மாசம் வருது? அந்த ஒரு நம்பரை மட்டும் கமெண்ட்ல போடுங்க, சம்பளம் சொல்ல வேண்டாம். 3-க்குக் கீழே இருக்கறவங்க அதை 6 ஆக்கறது எப்படி என்று அடுத்த வீடியோவில் படிப்படியாப் பார்க்கலாம்.